ஊர் மாநகராட்சியோடு சேருவதற்குள் மாடியில் அறை கட்டிவிடலாமா?

கேள்வி: ஐயா, திருவண்ணாமலையை ஒட்டிய ஓர் ஊராட்சியில் இருக்கிறோம். கிரிவலப் பாதையிலிருந்து மூன்று கிலோமீட்டர். 2011-ல் மனை வாங்கி வீடு கட்டினோம். நான்கு வருடத்துக்கு முன் மாடியில் இரண்டு அறை எடுத்தோம். அதற்குத் தனியாகப் பிளான் போடவில்லை. பௌர்ணமிக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கும், டிசம்பரிலிருந்து மார்ச் வரை ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு மாத வாடகைக்கும் விடுகிறோம். என் கணவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த வருமானம்தான் கை கொடுக்கிறது. 2024-ல் திருவண்ணாமலை மாநகராட்சி ஆனபோது பக்கத்து ஊராட்சிகளைச் சேர்த்தார்கள். அடுத்தது எங்கள் ஊர் என்று பேசிக்கொள்கிறார்கள். "சேருவதற்குள் இன்னும் நாலு ரூம் கட்டி முடித்துவிடுங்கள், அப்புறம் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது, பேங்க் லோன் நான் வாங்கித் தருகிறேன்" என்று ஒரு புரோக்கர் விடாமல் சொல்கிறார். எதிர்வீட்டை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, 11 அறையாக மாற்றி ஆன்லைனில் விடுகிறார். பௌர்ணமி வந்தால் கழிவுநீர் தெருவில் ஓடுகிறது. ஊரில் பாதிப் பேர் மாநகராட்சி வேண்டாம் என்கிறார்கள். வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று பயம். என் நாத்தனார் குடும்பம் அந்த வேலையை நம்பித்தான் இருக்கிறது. நாங்கள் என்ன செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்:

வணக்கம் அம்மா. முதலில் அந்த லோன் பேச்சை நிறுத்துங்கள். மற்றதை எல்லாம் ஆற அமரப் பேசலாம். இது ஒன்றுதான் அவசரம். புரோக்கர் அடுத்த முறை வரும்போது கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்பதற்காகவே இதை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதுகிறேன்.

"சேருவதற்குள் கட்டிவிட்டால் தப்பித்துவிடலாம்" என்ற பேச்சு எந்த ஊர் எந்த நகரத்தோடு இணைந்தாலும் கிளம்பும். நகரமைப்புத் துறையில் இருந்த காலம் முழுக்க இதைக் கேட்டிருக்கிறேன். அதை நம்பி அவசரமாகத் தளம் போட்டவர்கள் பிறகு நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அலைவதையும் பார்த்திருக்கிறேன். கட்டட அனுமதிக்கு மாநகராட்சியில் ஒரு சட்டம், ஊராட்சியில் ஒரு சட்டம் என்று கிடையாது. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இரண்டுக்கும் பொது. 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் சென்னையின் அடுக்குமாடிக்கும் உங்கள் தெருவின் மாடி வீட்டுக்கும் சேர்த்து எழுதப்பட்டவைதான். முன்னால் விட வேண்டிய இடைவெளி, பக்கவாட்டு இடைவெளி, உயரம், மொத்தத் தளப்பரப்பு எல்லாம் ஊர் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அந்த விதிகளின்படிதான். மாறப்போவது விண்ணப்பத்தை வாங்கும் அலுவலகமும், டேப்பை எடுத்துக்கொண்டு அளக்க வரும் ஆளும். உங்கள் தெருவுக்கு இதுவரை அப்படி யாரும் வந்ததில்லை என்பதால் விதியே இல்லை என்ற நினைப்பு ஊரில் ஊறிப்போயிருக்கிறது.

ஆக, இன்று அனுமதியில்லாமல் எழுப்பும் நாலு அறை நாளைக்கு மாநகராட்சியில் அனுமதியில்லாத நாலு அறையாகத்தான் போய்ச் சேரும். அதோடு, ஊர் சேர்ந்ததும் வரி போடுவதற்காக வீடு வீடாக அளப்பார்கள். இத்தனை நாள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத அறைகள் அப்போதுதான் முதல்முறையாகக் காகிதத்தில் ஏறும். "வரி கட்டுகிறேனே, ரசீது இருக்கிறதே" என்பது அங்கே எடுபடாது. வரி ரசீது நீங்கள் வரி கட்டியதற்கு மட்டும்தான் சாட்சி. கட்டட அனுமதிக்கு அது ஈடாகாது.

கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். நாலு அறைக்கு எவ்வளவு கடன் என்று நீங்கள் எழுதவில்லை. 12 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டியில் பத்து வருடக் கடனென்றால் மாதத் தவணை 15,800 ரூபாய்க்கு மேல் வரும். பௌர்ணமிக்கு நாலு அறையும் நிரம்புகிறது, ஓர் அறைக்கு இரவுக்கு 1,500 ரூபாய், இரண்டு இரவு என்று தாராளமாகவே கணக்கிட்டாலும் மாதம் 12,000 ரூபாய்தான். கிரிவலம் வருகிறவர்களில் பெரும்பாலோர் 14 கிலோமீட்டர் நடந்து முடித்ததும் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து ஊர் போய்ச் சேருகிறவர்கள் என்பது உங்களுக்கே தெரியும். இரண்டு இரவு தங்குகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். கரண்ட், தண்ணீர் லாரி, துணி வெளுப்பு, ஆன்லைன் தளத்தின் கமிஷன் எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை. கார்த்திகை தீபத்துக்குக் கிடைக்கும் வாடகையை வைத்து வருடம் முழுக்கக் கணக்குப் போட்டுக் காட்டுவது புரோக்கர்களின் வழக்கம். உங்களுக்கு இப்போது கடன் இல்லாத இரண்டு அறை இருக்கிறது. ஓய்வுக்காலத்தில் அந்த நிம்மதிக்கு ஒரு விலை உண்டு.

சரி, இருக்கிற இரண்டு அறைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மூன்று விஷயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. மனை ஒன்று, அதன்மேல் நிற்கும் கட்டடம் ஒன்று, அந்தக் கட்டடத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பது ஒன்று. மூன்றையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். ஒன்று சரியாக இருப்பதால் மற்றது சரியாகிவிடாது.

மனையிலிருந்து ஆரம்பியுங்கள். 2011-ல் வாங்கியது என்கிறீர்கள். நத்தம் இடமா, அதாவது ஊரின் பழைய குடியிருப்பு நிலமா, இல்லை நிலத்தைப் பிரித்துப் போட்ட மனையா என்று பத்திரத்தில் பாருங்கள். பிரித்துப் போட்ட மனை என்றால், அந்த மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின், அதாவது எல்லோரும் டிடிசிபி என்று சொல்கிறோமே, அதன் ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் விற்ற மனைகளில் பெரும் பகுதி ஒப்புதல் இல்லாதவை. ஒப்புதல் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவு போட்ட பிறகுதான் அதன் வீரியம் மக்களுக்கு உறைத்தது. அதன்பின் 2017-ல் அரசு வரன்முறை விதிகளை, அதாவது ஒப்புதல் இல்லாத மனைகளை முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் விற்ற மனைகளை வரன்முறை செய்துகொள்ள அது வழி கொடுத்தது. உங்கள் 2011 பத்திரம் அந்தத் தேதிக்குள் அடங்கும். விண்ணப்பிக்கும் காலத்தை அரசு பலமுறை நீட்டித்திருக்கிறது. இப்போதைய நிலையை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மனை வரன்முறை ஆகாமல் கட்டட அனுமதிக்கு நடப்பது வீண் அலைச்சல்.

அடுத்து மாடி. கீழ்த்தளத்துக்கு ஊராட்சியில் வாங்கிய பிளான் இருக்கிறதல்லவா? அதைத் தேடி எடுங்கள். பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து, இப்போது நிற்கிறபடியே வீட்டை அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். இப்படி இருந்தால் நல்லது என்று வரையக்கூடாது. இருப்பது இருக்கிறபடியே வேண்டும். மாடி விதிகளுக்குள் அடங்கினால் அதற்கு இப்போது விண்ணப்பித்து அனுமதி கேட்கலாம். வெளியே நீட்டிய பால்கனி, பக்கத்து மதில்மேல் ஏறி நிற்கும் படிக்கட்டு மாதிரி ஏதாவது மீறல் இருந்தால் எதை இடிக்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று இப்போதே தெரிந்துவிடும். யாரும் நோட்டீஸ் கொடுக்காத காலத்தில் நீங்களாகப் போய்க் கேட்பதற்கும், நோட்டீஸ் வந்தபின் ஓடுவதற்கும் செலவிலேயே பெரிய வித்தியாசம் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூலையில் சுயசான்று முறை ஒன்று வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமும் முதல் தளமும் கட்ட, ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி எடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டுமே அது. ஆறு அறை, ஆறு கழிப்பறை, தனிப் படிக்கட்டு என்று விடுதியாகத் திட்டமிட்டு "குடியிருப்பு" என்று சுயசான்று கொடுத்தால், பொய் சொன்னதற்கு உங்கள் கையெழுத்தே சாட்சியாகும். புரோக்கர் இந்த வழியைச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

இனி பயன்பாடு. பயணிகளுக்கு வீட்டில் அறை கொடுப்பது தவறான தொழில் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை, 12 படுக்கைக்கு மிகாமல் அனுமதி உண்டு. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான நிபந்தனை. தமிழ்நாடு சுற்றுலாத் துறையிலும் ஹோம்ஸ்டேக்களுக்குப் பதிவு முறை இருக்கிறது. கீழே நீங்கள் இருக்கிறீர்கள், மேலே இரண்டு அறை. இந்த ஏற்பாட்டுக்குள் உங்கள் வீடு அழகாகப் பொருந்தும். மாடிக்கான அனுமதி கைக்கு வந்ததும் பதிவு செய்துவிடுங்கள். பதிவு இருந்தால் காவல் நிலையத்திலிருந்து யார் வந்து கேட்டாலும் எடுத்து நீட்ட ஒரு காகிதம் இருக்கும்.

வெளிநாட்டவர் விஷயத்தில் உங்களைக் கொஞ்சம் கண்டிப்பாகவே எச்சரிக்கிறேன். வெளிநாட்டுக் குடிமக்கள் யார் தங்கினாலும், ஓர் இரவே ஆனாலும், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்களின் விவரப் படிவத்தை (சி படிவம் என்று சொல்லிவந்தது) ஆன்லைனில் ஏற்ற வேண்டும். பெரிய ஓட்டலுக்கும் உங்கள் மாடிக்கும் இதில் வேறுபாடு கிடையாது. அதற்கு முன் வீட்டுக்காரர் தன் முகவரியைப் பதிந்து கணக்கு வாங்கியிருக்க வேண்டும். பாஸ்போர்ட், விசா இரண்டின் விவரமும் படமும் கேட்பார்கள். "போன வருடம் வந்தவர்தானே, நம்ம வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று விட்டுவிடுகிறவர்கள் திருவண்ணாமலையில் நிறைய. விசா முடிந்தும் ஒருவர் தங்கிவிட்டால் முதல் விசாரணை உங்கள் வாசலில்தான் நடக்கும். இதுவரை செய்யாமல் இருந்தால் இந்த சீசனிலிருந்தாவது செய்யுங்கள்.

மாதக் கணக்கில் தங்குகிறவர்களிடம் எழுத்தில் வாடகை ஒப்பந்தம் போடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். நாள் வாடகைக்கு அந்தச் சட்டம் வராது. அது விடுதிக் கணக்கு. ஜிஎஸ்டி பற்றிக் கவலை வேண்டாம். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும்வரை நீங்கள் பதிவு செய்யத் தேவையில்லை. ஆன்லைன் தளம் வழியாக வரும் பதிவுகளுக்கு அந்தத் தளமே வரியைக் கட்டிவிடும். மின்சாரத்தைத்தான் கவனிக்க வேண்டும். வீட்டு இணைப்பை வேறு பயன்பாட்டுக்கு எடுத்ததாக மின்வாரியம் முடிவு செய்தால் இரண்டு மடங்கு கட்டணத்தில் கணக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாடிக்குத் தனி மீட்டர் வைத்து, அதற்கு எந்தக் கட்டண வகை பொருந்தும் என்று பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீடு. உங்கள் கடிதத்தில் ஒரு தயக்கம் தெரிகிறது. நாமும் வாடகைக்கு விடுகிறோம், அவரைப் பற்றி எப்படிப் புகார் சொல்வது என்று யோசிக்கிறீர்கள் போல. அந்தத் தயக்கம் வேண்டாம் அம்மா. இரண்டும் ஒன்றில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு மாடியில் சத்தம் போட்டால் நீங்கள் படியேறிப் போய்ச் சொல்வீர்கள். தண்ணீர் தீர்ந்தால் உங்களுக்கும்தான் தீரும். டாங்க் நிரம்பினால் நாற்றம் முதலில் உங்கள் சமையலறைக்குத்தான் வரும். வீட்டுக்காரர் உள்ளே இருப்பதே பாதிக் கண்காணிப்பு. எதிர்வீட்டில் சாவியைப் பெட்டியில் வைத்துவிட்டு எண்ணை போனில் அனுப்புகிறார்கள். கேட்க ஆள் இல்லை. 11 அறை என்பது ஆறு அறை வரம்பையும் தாண்டிவிட்டது. அது விடுதி. விடுதிக்கு வேறு அனுமதி, வண்டி நிறுத்த இடம், தீத்தடுப்பு ஏற்பாடு எல்லாம் வேண்டும். தொழில் உரிமமும் வேண்டும்.

அந்தக் கழிவுநீர் ஏன் ஓடுகிறது என்று பாருங்கள். நாலைந்து பேர் குடியிருக்கக் கட்டிய வீட்டின் செப்டிக் டாங்க் அந்த நாலைந்து பேருக்கான அளவில்தான் இருக்கும். சாதாரண நாளில் அது தாக்குப்பிடிக்கும். பௌர்ணமியன்று 11 அறையில் அறைக்கு மூன்று பேர் என்றாலே முப்பதுக்கு மேல் வந்துவிடுகிறது. அத்தனை பேரும் நடந்துவிட்டு வந்து விடியற்காலையில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் குளிக்கிறார்கள். டாங்கில் தண்ணீர் ஒரு நாளாவது தங்கினால்தான் கசடு அடியில் படியும். இங்கே அரை மணி நேரத்தில் உள்ளே போன தண்ணீர் கசடையும் கலக்கித் தள்ளிக்கொண்டு உறிஞ்சுகுழிக்குப் போகிறது, குழி அடைத்துக்கொள்கிறது, மிச்சம் தெருவுக்கு வருகிறது. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மட்டம் ஏறியிருக்கும்போது இன்னும் மோசமாகும். பக்கத்தில் யார் வீட்டிலாவது போர்வெல் இருந்தால் அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். உங்கள் புகாருக்கு அந்தப் பரிசோதனை அறிக்கையைவிடப் பலமான ஆவணம் வேறு இல்லை.

எங்கே புகார் கொடுப்பது? முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஊராட்சிக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒரு மனு போடுங்கள். அந்தக் கதவு எண்ணுக்கு எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை சதுர அடிக்கு அனுமதி கொடுக்கப்பட்டது, அதன் நகல் வேண்டும் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். "குடியிருப்பு" என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. கழிவுநீருக்குத் தனியாக, கோட்டாட்சியரிடம் போங்கள். பொதுத்தொல்லையை நீக்க உத்தரவிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152. இந்தப் பிரிவுக்கு ஒரு பெருமை இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரத்தில் தெருவில் சாக்கடை ஓடுவதை எதிர்த்து மக்கள் இதே பிரிவில்தான் போனார்கள். நகராட்சி பணம் இல்லை என்றது. அது ஒரு பதிலே இல்லை என்று 1980-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். இன்றைக்கும் சாக்கடை வழக்கு என்றால் எல்லோரும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. தெருவில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்துப் போடுங்கள். தனியாக நிற்காதீர்கள்.

இப்போது ஊர் இணைப்பு. சேரலாமா கூடாதா என்று என்னைக் கேட்டால், உங்கள் ஊரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைத்து, எந்த நிபந்தனையோடு சேருவது என்பதை முதலில் கேட்கச் சொல்வேன். அரசியலமைப்பின் 243-கியூ பிரிவு, ஒரு பகுதியை நகர்ப்புறமாக அறிவிக்கும்போது மக்கள்தொகை, நெருக்கம், உள்ளூர் வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்பவர்களின் பங்கு போன்றவற்றைப் பார்க்கச் சொல்கிறது. உங்கள் தெருவில் 11 அறை விடுதி வந்துவிட்டது, வயல் மனையாகிவிட்டது. இந்த அளவுகோலில் உங்கள் ஊர் பாதி நகரம்தான். "நாங்கள் கிராமம்" என்று மட்டும் சொல்லி இணைப்பை ரொம்ப நாள் நிறுத்திவைக்க முடியாது.

அதற்காக ஊர்க்காரர்களின் பயத்தைத் தள்ளிவிடவும் முடியாது. உங்கள் நாத்தனார் பயப்படுவது நூற்றுக்கு நூறு நியாயம். நூறு நாள் வேலை கிராமப்புறக் குடும்பங்களுக்கு மட்டுமே. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் நாள் கணக்கை 125 ஆக்கியது. அதுவும் கிராமப்புறத்துக்கு மட்டும்தான். ஊர் மாநகராட்சிக்குள் போனால் அந்த உரிமை போய்விடும். நகர்ப்புறத்துக்கென 2022-ல் தமிழக அரசு ஒரு வேலைவாய்ப்புத் திட்டத்தைச் சில இடங்களில் சோதனையாகத் தொடங்கியது. ஆனால் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற சட்ட உரிமை அதில் இல்லை. 2025 ஜனவரியில் பல ஊர்களில் மக்கள் இணைப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்ததற்கு இதுதான் பெரிய காரணம். வாடகை வரும் வீட்டுக்கு இணைப்பு லாபமாக இருக்கலாம். வயலுக்கும் ஏரி வேலைக்கும் போகும் வீட்டுக்கு அது நேரடி நஷ்டம். ஊர்க் கூட்டத்தில் பேசும்போது, வாடகை வாங்கும் நீங்களே இதை எழுந்து சொன்னால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும்.

வரி ஏறும், சந்தேகமில்லை. ஊராட்சி வீட்டு வரிபோல ஒரு சின்னத் தொகையாக இருக்காது. வீட்டின் பரப்பு, தெரு எந்த மண்டலம், குடியிருப்பா வணிகமா என்பதையெல்லாம் பார்த்து அரையாண்டுக்கு ஒருமுறை போடுவார்கள். 2022-ல் நகர்ப்புறச் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு 25 சதவீதமும், 1,800 சதுர அடிக்கு மேல் போனால் 100 சதவீதமும் ஏற்றினார்கள். வணிகக் கட்டடத்துக்கும் 100 சதவீதம்தான். சின்ன வீட்டின்மேல் பாரம் குறைவு என்பது ஓர் ஆறுதல். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகையும் கிடைக்கும்.

எனக்கு மிகப் பெரிய குறையாகத் தெரிவது வேறு. உங்கள் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்கள், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. திருவண்ணாமலையில் இருக்கும் கவுன்சிலர்கள் 2022 பிப்ரவரித் தேர்தலில் பழைய நகராட்சியின் 39 வார்டுகளுக்குத் தேர்வானவர்கள். சேர்க்கப்படும் ஊர்களுக்கு வார்டு பிரித்துத் தேர்தல் நடத்தி முடிக்கும்வரை, நீங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒருவரும் உங்களுக்காகப் பேச அங்கே இருக்கமாட்டார். வரி கேட்புச் சீட்டு வந்துவிடும்; கேள்வி கேட்க ஆள் இருக்காது. நான் பார்த்த இணைப்புகளில் மக்கள் அதிகம் நொந்துபோனது இந்த இடைக்காலத்தில்தான். அதுவும் முக்கியமான முடிவுகள், எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை, சாத்தனூர் அணைத் தண்ணீர் எங்கே வரை, எது குடியிருப்பு மண்டலம், எது வணிக மண்டலம் என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த நேரத்திலேயே முடிவாகிவிடும்.

அதனால் கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். கிராம சபைத் தீர்மானம் இணைப்பைச் சட்டப்படி தடுத்து நிறுத்தாது என்பது உண்மை. ஆனால் பிறகு நீதிமன்றம் போனாலும் ஆட்சியரிடம் போனாலும் ஊர் என்ன கேட்டது என்பதற்கு அதுதான் எழுத்துச் சான்று. "சேர மாட்டோம்" என்று ஒற்றை வரித் தீர்மானம் போட்டால் அலுவலகத்தில் அதை ஃபைலில் வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். வேலைத்திட்டத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு மாற்று ஏற்பாடு என்ன, பாதாளச் சாக்கடையும் குடிநீரும் வரும்வரை வரி எப்படி, ஏரி, வாய்க்கால், மந்தைவெளியின் சர்வே எண்கள் எவை, அவை எந்த நிலையிலும் மனையாகக் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதித் தீர்மானம் போடுங்கள். எண் போட்ட கோரிக்கைக்கு எண் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இணைப்புக்கான உத்தேச அறிவிப்பு வந்தால் அதில் குறிப்பிட்ட நாளுக்குள் இதையே ஆட்சேபணையாகக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

இணைப்பு அறிவிப்போடு கண்காணிப்பு முடிந்துவிடாது. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு வெளியாகும்போதுதான் உங்கள் தெருவின் தலையெழுத்து தீர்மானமாகும். அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணைக்குக் குறைந்தது இரண்டு மாதம் விட வேண்டும் என்கிறது சட்டம். அந்த வரைபடத்தைப் போய்ப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் மனை வியாபாரிகள்தான். குடியிருக்கிறவர்கள் யாரும் வருவதில்லை. நீங்கள் போங்கள். உங்கள் சர்வே எண் என்ன நிறத்தில் இருக்கிறது, ஏரியின் வரத்து வாய்க்கால் படத்தில் இருக்கிறதா இல்லையா என்று பாருங்கள். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில், அண்ணாமலையார் மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஒரு வீட்டில் ஏழு பேர் உயிரோடு புதைந்துபோனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று படத்தில் போடும் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள். உங்கள் ஊர் மலையடிவாரத்தில் இல்லை. ஆனால் ஏரியின் கீழே இருக்கிறது என்றால் அதே அக்கறை அங்கேயும் வேண்டும்.

முழுமைத் திட்டத்துக்குக் கொடுக்கும் ஆட்சேபணை மனுவில் ஹோம்ஸ்டே பற்றியும் ஒரு கோரிக்கை சேர்க்கச் சொல்வேன். வீட்டுக்காரர் குடியிருக்கும் சின்ன ஹோம்ஸ்டேக்களைக் குடியிருப்புப் பகுதியில் பதிவோடு அனுமதியுங்கள்; ஆள் குடியிருக்காத, நாள் வாடகைக்கு மட்டும் ஓடும் கட்டடங்களை விடுதி என்றே வகைப்படுத்தி, விடுதிக்கான வரியும் கழிவுநீர் ஏற்பாடும் கேளுங்கள் என்று எழுதுங்கள். இது உங்களுக்கு மட்டும் நல்லதென்று நினைக்க வேண்டாம். ஒரு தெருவில் நாலு வீடு விடுதியாகிவிட்டால் ஐந்தாவது வீட்டில் மாத வாடகைக்கு யாருக்கும் இடம் கிடைக்காது. மருத்துவமனை நர்ஸ், கடையில் வேலை செய்யும் பையன், பள்ளிக்கூட டீச்சர் எல்லாரும் இன்னும் வெளியே தள்ளப்படுவார்கள். கோயில் நகரம் என்றால் அங்கே வேலை செய்கிறவர்களும் குடியிருக்க வேண்டுமே.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்றுதான். பத்திரத்தையும் பழைய பிளானையும் எடுத்து வையுங்கள். பொறியாளரை அழைத்து அளக்கச் சொல்லுங்கள். எதிர்வீடு பற்றித் தகவல் உரிமை மனுவைப் போடுங்கள். ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில்தானே, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் தெருக்காரர்களோடு போய் மனு கொடுத்துவிட்டு வரலாம். போகும்போது உங்கள் நாத்தனாரையும் அழைத்துப் போங்கள். வேலை பற்றிய கோரிக்கையை அவர் வாயால் சொல்லட்டும். மனுவை எழுதி முடித்ததும் அனுப்புங்கள், படித்துப் பார்த்துத் திருத்தம் இருந்தால் சொல்கிறேன்.